அவையடக்கமும் அவைமறைவும்: பிரான்சிஸ் பர்னியின் முதற் புதின வெளியீடு

நூலொன்றை இயற்றிய புலவன் அதனை அறிஞர் அவையில் அரங்கேற்றுதல் தமிழகத்தின் தொன்மையான வழக்கு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்கு எடுத்துரைக்கப்பட்டது எனப் பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் கூறுகின்றது. அவைக்கு அஞ்சும் புலவனின் உள்ளத்திற்கும் இலக்கணம் இடந்தந்தது. தான் வல்லமையின்றிக் கூறினும் அவையோர் அதனை வகுத்து ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுதலை அவையடக்கியல் என்று செய்யுளியல் குறிப்பிடும். பாற்கடலைக் கண்ட பூனை அதனை முற்றும் நக்கிவிட எண்ணியது போன்றது தன் முயற்சி என்று கம்பர் கூறியதும் இம்மரபின்பாற் பட்டதே. தன்னைப் புகழ்தல் புலவனுக்குத் தகாது என்று விலக்கிய நன்னூல், சிறப்புப்பாயிரம் செய்யும் உரிமையை நூலாசிரியனுடைய ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோர்க்கே வழங்குகின்றது.

இவ்வழக்குகள் அனைத்திற்கும் அடிப்படையாய் நிற்பது ஒன்று உண்டு. அவை கண்முன் இருந்தது. அஞ்சத்தக்கவர் யாவர், அவர் கல்வி எத்தகையது, அவர் தலையசைப்பின் பொருள் யாது என்பவற்றைப் புலவன் அறிந்திருந்தான். அச்சுப்பொறி பரவி, நூல் விலைப்பொருளாகி, பெயரும் ஊரும் தெரியாத பல்லாயிரவர் கைக்குச் செல்லத் தொடங்கியபோது இந்நிலை மாறியது. முகமறியா அவையின்முன் தன் முதல் நூலை வைக்கும் ஆசிரியனுடைய உள்ளம் எவ்வாறு இயங்கிற்று? நாட்குறிப்புகளும் மடல்களும் மிகுதியாகக் கிடைத்தலால், இவ்வினாவிற்கு விடை காண ஏற்ற சான்றாக விளங்குவது ஆங்கிலப் புதின ஆசிரியை பிரான்சிஸ் பர்னியின் (1752–1840) வரலாறு. அவருடைய முதற் புதினமாகிய ‘எவிலினா’ 1778ஆம் ஆண்டு ஜனவரித் திங்களிறுதியில் இலண்டனில் வெளிவந்தது. தந்தையால் ஏற்கப்படாது நாட்டுப்புறத்தில் வளர்ந்த பதினேழு வயது நங்கை ஒருத்தி இலண்டன் மாநகரம் புகுந்து, இடர் பல கடந்து, ஆர்வில் பிரபுவின் காதலைப் பெற்று மணம் கொள்ளும் கதையை மடல்கள் வாயிலாகக் கூறுவது அந்நூல்.

எரியிட்ட ஏடுகள்

பர்னியின் தந்தை சார்லஸ் பர்னி இசைவல்லுநர்; இசை வரலாறு எழுதியவர். தாய் 1762இல் மறைந்தார். தந்தை 1767இல் மறுமணம் செய்துகொண்டார். அவ்வாண்டே, தம் பதினைந்தாம் பிறந்த நாளில், பர்னி அதுகாறும் எழுதி வைத்திருந்த ஏடுகளையெல்லாம் எரியில் இட்டார். அவற்றுள் ‘கரோலின் எவிலின் வரலாறு’ என்னும் முழுக்கதையும் ஒன்று. தங்கை சூசன்னா மட்டும் அருகில் நின்று கண்ணீர் விட்டாள் என்பர். எழுதுதல் பெண்ணுக்கு ஏலாத, நாணத்தக்க செயல் என்னும் எண்ணமே எரியூட்டத் தூண்டியது. 1814இல் வெளியிட்ட ‘நாடோடி’ என்னும் தம் இறுதிப் புதினத்தின் காணிக்கையுரையில் பர்னியே இந்நிகழ்ச்சியை எடுத்துரைத்துள்ளார்.

ஏடு எரிந்தது, கதை எரியவில்லை. கரோலினுடைய மகள் என்னவாவாள் என்னும் எண்ணம் இளம்பெண்ணின் உள்ளத்தில் நின்று வளர்ந்தது. அம்மகளே எவிலினா. எரியூட்டிய மறு ஆண்டு, 1768 மார்ச்சில், பர்னி நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அதனை யாருக்கு எழுதுவது என்று தம்மைத் தாமே வினவி, ‘யாருமில்லை’ என்பதையே ஒரு பெண்ணின் பெயராக்கி, அவளை விளித்து எழுதினார். இது விளையாட்டாகத் தோன்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கேட்போர் இல்லாமல் எழுத அவரால் இயலவில்லை; கேட்போர் எவரையும் எதிர்கொள்ளவும் துணிவில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியாகவே அவர் ஓர் இல்லாத அவையைப் படைத்துக்கொண்டார். பத்தாண்டுகளுக்குப் பின் ‘எவிலினா’வை வெளியிட்ட முறையும் இதன் விரிவேயாகும்.

கையெழுத்தை மறைத்தல்

தந்தையின் ‘இசைப் பொது வரலாறு’ என்னும் பெருநூலின் முதற்பகுதி 1776இல் வெளிவந்தது. அதன் படிகளை எழுதிக் கொடுத்தவர் பர்னியே. ஆகவே அவருடைய கையெழுத்தை அச்சகத்தார் கண்டறிதல் கூடும். இதற்கு அஞ்சி, ‘எவிலினா’ முழுவதையும் தம் இயல்பான கையெழுத்தை மாற்றிப் படியெடுத்தார். பகலில் வீட்டாரறிய எழுத வழியில்லாமையால் பல இரவுகள் கண்விழித்து இப்பணி நிகழ்ந்தது.

படியை முதலில் டாட்ஸ்லி என்னும் வெளியீட்டாளர்க்கு அனுப்ப முயன்றபோது, ஆசிரியர் பெயர் அறியாமல் எந்நூலையும் பார்ப்பதில்லை என்று அவர் மறுத்துவிட்டார். பின்னர் பிளீட் தெருவில் நூல் வணிகம் நடத்திய தாமஸ் லவுண்ட்ஸ் என்பவரை அணுகினர். பத்தொன்பது வயதினனான தம்பி சார்லஸ் தன்னை யாரும் அறியாவண்ணம் உடையணிந்து சென்று படியைக் கொடுத்தான். விடை மடல்கள் ‘திரு. கிங்’ என்னும் புனைபெயர்க்கு ஆரஞ்சுக் காப்பிக்கடை முகவரியில் வந்தன. கதை முற்றுப்பெறாமல் விலை பேச லவுண்ட்ஸ் இசையவில்லை. ஆதலின் மூன்றாம் பகுதியை 1777இல் பர்னி எழுதி முடித்தார். நூலுக்குக் கிடைத்த விலை 20 கினி. அஃதாவது 21 பவுன்.

இத்துணை மறைவிற்கிடையே அவர் செய்த ஒரு செயல் குறிப்பிடத்தக்கது. தாம் ஏதோ ஒன்றை அச்சிட விரும்புவதாகவும், அஃது இன்னதென்று வினவலாகாதென்றும் தந்தையிடம் கூறி இசைவு பெற்றார். தந்தை நகைத்து இசைந்தார். நூலின் பெயரைக்கூடக் கேட்டிலர். உலகத்திற்கு மறைத்தலில் பர்னிக்குத் தயக்கமில்லை. தந்தையை வஞ்சிக்க மட்டும் மனம் இடந்தரவில்லை. அவர் அஞ்சிய அவை ஒன்றன்று, பல என்பதும், அவற்றுள் தந்தையே தலையாய அவையினர் என்பதும் இதனாற் புலனாகும்.

மூன்று முகவுரைகள்

‘எவிலினா’வின் தொடக்கத்தில் மூன்று முன்னுறுப்புகள் உள்ளன. முதலாவது, பெயர் சுட்டாமல் தம்மைப் பெற்றவரை விளித்துப் பாடிய செய்யுள். இரண்டாவது, ‘மாதத் திறனாய்வு’, ‘திறனாய்வு மதிப்புரை’ என்னும் இரு பெரும் இதழ்களின் எழுத்தாளர்களுக்கு எழுதிய காணிக்கை மடல். மூன்றாவது, பொதுவாக வாசகர் அனைவர்க்கும் உரிய முன்னுரை. தந்தை, திறனாய்வாளர், முகமறியா வாசகர் என்னும் மூவகை அவைக்கும் தனித்தனியே அவையடக்கம் கூறியவாறாயிற்று.

திறனாய்வாளர்க்கு எழுதிய மடலில் பணிவும் குறும்பும் கலந்துள்ளன. காப்பாளர் எவரும் இல்லாத, பெயரும் இல்லாத நூல், தண்டிக்கும் அதிகாரமுடையோரிடமே புகலிடம் நாடுகின்றது. புகழுரை கூறி அவர்களை வயப்படுத்த முயலாமல், நடுநிலை ஒன்றையே வேண்டுகின்றது. முன்னுரையோ எழுத்துலகில் புதின ஆசிரியனைப் போல் தாழ்வாக மதிக்கப்படுவோர் எவருமிலர் என்று கூறி, ரூசோ, ஜான்சன், மாரிவோ, பீல்டிங், ரிச்சர்ட்சன், ஸ்மாலட் ஆகியோரின் பெயர்களை எடுத்தோதுகின்றது. காதற்கதை எழுதுவோன் கடைநிலையினன் என்று ஒப்புக்கொள்ளும் நாவே, அந்நிலையிலிருந்த பெரியோரின் வரிசையையும் சுட்டுகின்றது. தன்னைத் தாழ்த்திக்கொண்டே தன் குலத்தை உயர்த்தும் இவ்வுத்தி நம் அவையடக்கப் பாடல்களைப் பயின்றோர்க்குப் புதியதன்று. ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. நம் புலவர் தம் பெயரும் ஊரும் அறிந்த அவையில் நின்று அடக்கம் கூறினர். பர்னி அவையிலேயே நில்லாமல் அடக்கம் கூறினார். இதனை அவைமறைவு எனலாம்.

மறைவில் விளைந்த மகிழ்ச்சி

நூல் வெளிவந்த செய்தி பர்னிக்குத் தெரிந்த வகையே விந்தையானது. காலையுணவு வேளையில் சிற்றன்னை செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது ‘எவிலினா’வின் விளம்பரம் அவர் காதில் விழுந்தது. தைத்த படி 7 ஷில்லிங் 6 பென்ஸ். கட்டடம் செய்தது 9 ஷில்லிங். படித்தவர்க்கு அது மற்றொரு விளம்பரம். கேட்டவர்க்கோ பதினோராண்டு வாழ்வு. பர்னி முகத்தில் எதனையும் காட்டாமல் அமர்ந்திருக்க வேண்டியதாயிற்று.

அதன்பின் எழுதிய நாட்குறிப்பில் உவகையும் நடுக்கமும் பிரித்தறிய இயலாவண்ணம் கலந்து கிடக்கின்றன. மூன்று பென்ஸ் கொடுத்து வாடகை நூலகத்தில் எடுக்கும் இறைச்சி விற்பவனும் அடுமனையாளனும் செருப்புத் தைப்பவனும் தம் நூலைக் கையாளலாமே என்று அவர் நகையாடி எழுதினார். நகையின் அடியில் அச்சம் உண்டு. அவர் காலத்து அறிஞர் அவைகளில் இசைவாணரின் மகளுக்கு இடமிருந்தது. அங்குள்ளோரை அவர் அறிவார். நூலகத்துப் படியைப் புரட்டும் கைகளை அவர் அறியார். எனினும் அவ்வறியாக் கைகளே நூலுக்கு வாழ்வளித்தன. ‘மாதத் திறனாய்வு’ 1778 ஏப்ரலில் பாராட்டி எழுதியது. செப்டம்பரில் மற்றோர் இதழும் பாராட்டியது. 1779 முடிவதற்குள் நான்கு பதிப்புகள் வெளிவந்தன.

அவ்வாண்டு நோயுற்ற பர்னி, உடல்தேற வேண்டி, செசிங்டனில் வாழ்ந்த குடும்ப நண்பர் சாமுவேல் கிரிஸ்ப் இல்லத்திற்குச் சென்றிருந்தார். கிரிஸ்ப் தாமும் ஆசிரியராக விரும்பியவர். அவருடைய ‘வர்ஜீனியா’ என்னும் துன்பியல் நாடகம் 1754இல் டுரூரி லேன் அரங்கில் நடிக்கப்பட்டது. அவர் எதிர்பார்த்த வரவேற்பு அதற்குக் கிட்டவில்லை. அவையின் குளிர்ச்சியை அறிந்த அம்முதியவரின் வீட்டிலிருந்தபோதுதான், டாக்டர் ஜான்சன் ‘எவிலினா’வைப் புகழ்ந்தார் என்னும் செய்தி 1778 ஆகஸ்டில் பர்னிக்கு மடல் வழியே வந்தது. செய்தி கண்டதும் காரணம் ஏதும் கூறாமல் அவர் கூத்தாடத் தொடங்கினார். ஆசிரியர் யாரென்று அறியாத கிரிஸ்ப் திகைத்து நின்றார். தோட்டத்திலிருந்த முசுக்கட்டை மரத்தைச் சுற்றி ஆடியதாகப் பர்னி தம் முதுமையில் நினைவுகூர்ந்தார். 1826 நவம்பரில் அவரைக் காண வந்த வால்ட்டர் ஸ்காட் அச்செய்தியைக் கேட்டுத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1814இல் ‘வேவர்லி’யைப் பெயரின்றி வெளியிட்ட ஸ்காட், தம் புதினங்கள் தம்முடையனவே என்று பொது அவையில் ஒப்புக்கொண்டது 1827 பிப்ரவரியிலேதான். பெயர் மறைத்த ஒருவர் பெயர் மறைத்த மற்றொருவரின் கூத்தைப் பதிவு செய்தார் என்க.

பெயர் வெளிப்பட்டபின்

பர்னி பெயரை மறைத்தமைக்குப் பெண்மையின் நாணமே காரணம் என்று கூறுவது எளிது. எரியூட்டிய நிகழ்ச்சி அதற்குச் சான்றாகவும் அமையும். ஆயின் அஃதொன்றே காரணமாயின், பெண்ணல்லாத ஸ்காட்டின் மறைவை விளக்குதல் அரிது. பர்னிக்கு முன்னரே சார்லட் லெனாக்ஸ் போன்ற பெண்பாலார் புதினம் எழுதி அறியப்பெற்றிருந்தனர் என்பதும் எண்ணத்தக்கது. மறைவு வேறொரு பயனையும் தந்தது. யார் எழுதியது என்று அறியாதார் கூறும் தீர்ப்பே முகமன் கலவாத தீர்ப்பு. தந்தையின் நண்பர் பலர் இலக்கிய உலகின் பெரியோர். மகள் எழுதியது என்று அறிந்திருப்பின் அவர் புகழ்ந்த சொல்லையெல்லாம் பர்னி ஐயுற்றிருப்பார். அறியாமற் புகழ்ந்தமையால் அச்சொல் பொன்னாயிற்று. கூத்தாடும் அளவிற்கு மகிழ அவரை விட்டது அம்மறைவே.

அதன் மறுதலையைப் பின் நிகழ்ச்சிகள் காட்டும். 1778ஆம் ஆண்டின் கோடையில் தந்தை உண்மையறிந்தார். நூலின் முகப்பிலுள்ள செய்யுளைப் படித்துக் கண்ணீர் உகுத்தார். அவர் வாயிலாகத் திரேல் அம்மையார் அறிந்தார். ஆகஸ்டில் பர்னி ஸ்டிரெத்தாம் மாளிகைக்கு அழைக்கப்பட்டு ஜான்சனுடன் ஒரே மேசையில் உணவருந்தினார். பிறந்தது முதல் அத்துணைச் சிறப்பான நாள் இல்லையென்று எழுதிய அவரே, தம் நூலைப் பற்றி அவையிற் பேச்செழுமோ என்று வழிநெடுக நடுங்கினார். அவ்வாண்டிறுதியில் ஹட்டஸ்போர்டு என்பவர் வெளியிட்ட ‘வார்லி’ என்னும் அங்கதப் பாட்டில் பர்னியின் பெயர் ஓரிடத்தில் அச்சேறியது. அவ்விடத்தில் இகழ்ச்சி ஏதும் பெரிதாக இல்லை; எனினும் பெயர் அச்சில் வந்ததற்கே அவர் பல நாள் வருந்தினார். 1779இல் அவர் எழுதிய ‘அறிவுப் பாசாங்கினர்’ என்னும் இன்பியல் நாடகத்தை மேடையேற்றலாகாது என்று தந்தையும் கிரிஸ்பும் தடுத்தனர், அவர் பணிந்தார். பெயரற்ற காலத்தில் புதினம் வெளியிட்ட கை, பெயர் பெற்றபின் தன் நாடகத்தைத் தானே பெட்டியில் வைத்துப் பூட்டிற்று.

ஆயினும் அவர் எழுதுவதை விடவில்லை. 1782இல் வந்த ‘சிசிலியா’வின் உரிமைக்கு 250 பவுன் பெற்றார், ‘எவிலினா’வின் விலையைப் போல் அஃது ஏறத்தாழப் பன்னிரு மடங்கு. 1796இல் ‘கமில்லா’வை முன்பணம் செலுத்தியோர்க்கு வழங்கும் முறையில் வெளியிட்டார். அந்நூலின் முகப்பில் முன்பணம் செலுத்தியோர் பட்டியல் அச்சிடப்பட்டது. பதினெட்டாண்டுகளுக்கு முன் தன்னை மறைத்துக்கொண்டு அவையை நோக்கியவரின் நூலில், இப்பொழுது அவையே பெயர் பெயராக எழுந்து நின்றது. அப்பட்டியலில் ஸ்டீவன்டன் ஊரைச் சார்ந்த இளம்பெண் ஒருத்தியின் பெயரும் உண்டு: ஜேன் ஆஸ்டின். மறு ஆண்டு ஆஸ்டினின் தந்தை தம் மகளின் புதினப் படியொன்றைப் பற்றிக் காடல் என்னும் வெளியீட்டாளர்க்கு எழுதியபோது, அதன் அளவு ‘எவிலினா’வை ஒத்தது என்றே குறிப்பிட்டார். படியைப் பாராமலே வெளியீட்டாளர் மறுத்துவிட்டார். 1811இல் ஆஸ்டினின் முதல் நூல் வெளிவந்தபோது முகப்பேட்டில் ஆசிரியர் பெயரில்லை. ஒரு பெண்மணி எழுதியது என்ற குறிப்பே இருந்தது. மறைவு இன்னும் தேவைப்பட்டது. ஆயின் எழுதியவர் பெண் என்பதை மறைக்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது. இம்மாற்றத்தில் பர்னிக்குப் பங்குண்டு.

தமிழ்ப் புதினத்திற்கு ஓர் ஒப்பு

‘எவிலினா’ வெளிவந்த நூற்றோராண்டிற்குப் பின், 1879இல், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதற் புதினமாக வெளிவந்தது. அவரும் முன் எவரும் நடவாத வழியில் நடந்தவர். எனினும் பெயரை மறைத்தாரல்லர். 1859இலேயே ‘நீதிநூல்’ வெளியிட்டுப் புலவரென அறியப்பெற்றவர். முன்சீப் பதவி வகித்தவர். ஐம்பது வயதைக் கடந்தவர். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாக் குறையை நீக்குதலே தம் நோக்கம் என்று தம் பெயராலேயே முன்னுரை எழுதினார். செய்யுளால் பெற்ற பெயர் உரைநடைக் கதைக்குக் காப்பாயிற்று. பர்னிக்கு அத்தகைய காப்பு இல்லை. தந்தையின் பெயரே அவரிடமிருந்த ஒரே செல்வம். அதற்கு இழுக்கு நேருமோ என்பதே அவர் அச்சம். ஆகவே முதல் நூல் வெளியீட்டின் நடுக்கத்தை ஆசிரியரின் தனிப்பட்ட இயல்பு என்று மட்டும் கொள்ளலாகாது. தோற்றால் இழக்கப்படுவது யாருடைய பெயர் என்பதே அதன் அளவை அறுதியிடுகின்றது.

இவற்றாற் பெறப்படுவன சில. அவையடக்கம் ஒரு பழம்பாட்டு மரபாக மட்டும் ஒழிந்துவிடவில்லை; அச்சு நூலின் முன்னுரையில் அது வேறு வடிவில் தொடர்ந்தது. அவை கண்ணுக்குத் தெரிந்தபோது புலவன் பணிந்து நின்றான். தெரியாதபோது தானும் தெரியாதவனாயினான். அந்நிலையில் உவகையும் நடுக்கமும் ஒன்றையொன்று அழித்தில; ஒன்று மற்றொன்றிற்கு இடந்தந்தது. நம் புதின முன்னோடிகளின் முதற் பதிப்பு முன்னுரைகள், புனைபெயர்கள், காணிக்கைகள் ஆகியவற்றைப் பிற்பதிப்புகளில் விடுத்து அச்சிடும் வழக்கம் உண்டு. அவ்வேடுகள் கதைக்குப் புறம்பானவை அல்ல. ஆசிரியன் தன் காலத்து அவையை எவ்வாறு கண்டான், அல்லது காண அஞ்சினான் என்பதற்கு அவையே நேர்ச்சான்று. அவற்றைத் தொகுத்து ஆராய்தல் தமிழ்ப் புதின வரலாற்றிற்கு இன்றியமையாத பணியாகும்.